மார்பகப் புற்றுநோய் ஆய்வுகூடத்துக்குள் நுழைய விரும்பும் திருகோணமலை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படித்தவர்களும், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் பிரயோக விஞ்ஞானமோ சித்த மருத்துவமோ பயில்பவர்களும் ஆய்வுத் தலைப்புத் தேடும்போது, "இந்த மூலிகைச் சாறு மார்பகப் புற்றுநோய்க் கலங்களைக் கொல்லுமா?" என்ற கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவாக இருக்கும்போது, அக்கறையுள்ள ஒரு பிள்ளைக்கு அந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆனால் வளர்ப்புத் தட்டிலிருக்கும் ஒரு கலத்தைக் கொல்வது மிக எளிது. கிணற்று நீரை ஊற்றினாலும் அது வீங்கி வெடித்து இறந்துவிடும். எந்த வகை மார்பகப் புற்றுநோய், கலத்தின் எந்தப் பலவீனம், எந்தச் செறிவு, அதே செறிவில் புற்றல்லாத கலத்துக்கு நேர்ந்தது என்ன என்பவற்றுக்கும் சேர்த்து விடை தேடும்போதுதான் அது ஆய்வாகிறது. பின்வரும் படிகளை அந்த ஒழுங்கிலேயே எழுதியுள்ளேன். அவசரப்பட்டு ஐந்தாம் படியிலிருந்து தொடங்க வேண்டாம்.

முதலாம் படி: நோயை வகைபிரித்துப் படியுங்கள்

மார்பகப் புற்றுநோய் ஒரே நோயல்ல. ஒரு நோயாளியின் நோயியல் அறிக்கையில் மூன்று புரதங்களின் பெயர்கள் இருக்கும்: ஈஸ்ட்ரஜன் வாங்கி, புரோஜெஸ்ட்ரோன் வாங்கி (வாங்கி என்பது ஓமோனைப் பற்றிப்பிடிக்கும் புரதம்), ஹெர்-2. முதலிரண்டில் ஒன்றேனும் இருந்தால் அது ஓமோன் சார்ந்த வகை. ஹெர்-2 மிகையாக உற்பத்தியாகும் வகை ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதமான நோயாளிகளில் காணப்படுகிறது. மூன்றும் இல்லாதது மும்மறை வகை எனப்படும். பற்றிப்பிடிக்க இலக்கு இல்லாததால் நீண்ட காலம் சாதாரண வேதிச்சிகிச்சையை மட்டுமே நம்பியிருக்க வேண்டியிருந்த வகையும் அதுவே.

இந்தப் பிரிவுகள் எப்படி வந்தன என்பதைப் படிப்பது வரலாற்று ஆர்வத்துக்காக மட்டுமல்ல. கிளாஸ்கோவில் ஜோர்ஜ் பீற்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், முற்றிய நிலையிலிருந்த பெண்களின் சூலகங்களை அகற்றியபோது சிலரில் மார்பகக் கட்டி சுருங்கியதை 1896இல் அறிவித்தார். அதற்கான காரணம் 1950களின் இறுதியில் தான் தெளிவாகத் தொடங்கியது: கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரஜனைப் பின்தொடர்ந்த எல்வூட் ஜென்சன், சில இழையங்கள் அதைப் பற்றிப்பிடித்து வைத்திருப்பதைக் கண்டு, வாங்கி ஒன்று இருப்பதை நிறுவினார். அந்த வாங்கியை மறிக்கும் டமொக்சிஃபென் 1977இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1987இல் டெனிஸ் ஸ்லேமனின் குழு, ஹெர்-2 பரம்பரையலகு பல பிரதிகளாகப் பெருகியிருந்த நோயாளிகளில் நோய் விரைவாகத் திரும்புவதைக் காட்டியது. அந்தப் புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரியான ட்ராஸ்டுசுமாப் 1998இல் மருந்தாக வந்தது. மேரி-கிளேர் கிங் 1990இல் 17ஆம் நிறமூர்த்தத்தில் இடங்காட்டிய, டிஎன்ஏ பழுதைத் திருத்த உதவும் பிஆர்சிஏ1 பரம்பரையலகு 1994இல் பிரித்தறியப்பட்டது. பிஆர்சிஏ செயலிழந்த கலங்களில் பார்ப் என்ற நொதியத்தையும் தடுத்தால், டிஎன்ஏயைத் திருத்த வழியின்றி அவை இறக்கின்றன என்று இரண்டு குழுக்கள் 2005இல் ஒரே வேளையில் வெளியிட்டன; அந்த வழியில் வந்த ஒலபரிப், பிஆர்சிஏ மாற்றத்தைப் பரம்பரையாகக் கொண்ட மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு 2018இல் அனுமதிக்கப்பட்டது.

இந்த மூன்று கதைகளிலும் கலம் எதில் தங்கியிருக்கிறது என்பதே முதலில் கண்டறியப்பட்டது. அதைத் தாக்கும் மருந்து பின்னர் வந்தது. நீங்கள் படிக்கும் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையிலும் இந்தத் தங்கியிருத்தலைத் தேடி, ஒரு வரியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வீட்டிலிருந்தே தரவுகளைத் திறந்து பாருங்கள்

ஆய்வுகூடம் தொலைவில் இருப்பது தொடங்காமலிருப்பதற்குக் காரணமாகாது. சிபயோபோர்ட்டல் என்ற இலவசத் தளத்தில், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கட்டிகளிலிருந்து பெறப்பட்ட பரம்பரையலகுத் தரவுகள் பெயர்கள் நீக்கப்பட்டுக் கிடக்கின்றன. அதிலுள்ள, டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய்ப் பரம்பரையலகுத் திட்டத்தின் மார்பகப் புற்றுநோய்த் தொகுதியின் முதன்மைக் கட்டுரை 2012இல் வெளிவந்தது. ஒரு மடிக்கணினியும் சுமாரான இணைய இணைப்பும் இருந்தால், உப்புவெளியில் உங்கள் வீட்டு மேசையிலிருந்தே அதைத் திறக்கலாம்.

முதற்பயிற்சியாக டிபி53, பிஐகே3சிஏ என்ற இரண்டு பரம்பரையலகுகளைத் தேடுங்கள். மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டிகளில் மாற்றமடைந்திருக்கும். வகைவாரியாகப் பிரித்தவுடன் காட்சி மாறும்: டிபி53 மாற்றம் அடிக்கலம் போன்ற வகையில் (பெரும்பாலும் மும்மறை வகையோடு ஒத்துப்போவது) ஏறத்தாழ 80 சதவீதம், மெதுவாக வளரும் ஓமோன் சார்ந்த வகையில் 12 சதவீதம் அளவே, பிஐகே3சிஏயில் நிலைமை தலைகீழ், முறையே 9, 45 சதவீதம். பிஐகே3சிஏ மாற்றம் பெற்ற ஓமோன் சார்ந்த நோய்க்கென அல்பெலிசிப் என்ற மருந்து 2019இல் அனுமதி பெற்றதன் பொருள் இந்த எண்களைக் கண்ட பிறகுதான் முழுமையாக விளங்கும். முதலாம் படியில் படித்த "வகை" உங்கள் கண்ணெதிரே எண்களாக நிற்கும் இடம் இதுவாகையால், இதற்கு ஒரு மாதம் செலவிட்டாலும் தகும். தரவுகளைக் கையாள ஆர் என்ற இலவச மென்பொருளைக் கூடவே பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கல வரிசை, ஏன்?

கட்டியிலிருந்து அல்லது நோயாளியின் உடல் நீரிலிருந்து எடுக்கப்பட்டு, முடிவின்றிப் பெருகக்கூடியதாக வளர்ப்பில் நிலைபெற்ற கலங்களைக் கல வரிசை என்கிறோம். அதிகமாகப் பயன்படும் எம்சிஎஃப்-7, 1970இல் அமெரிக்காவின் மிச்சிகன் புற்றுநோய் நிலையத்தில் 69 வயதான ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரலைச் சூழ்ந்திருந்த நீரிலிருந்து பெறப்பட்டது. அதில் ஈஸ்ட்ரஜன் வாங்கி உண்டு. எம்டிஏ-எம்பி-231 மும்மறை வகையைச் சேர்ந்தது. எஸ்கே-பிஆர்-3இல் ஹெர்-2 பெருகியிருக்கிறது. எனவே "மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் சோதித்தேன்" என்பது முழுமையான வாக்கியமல்ல. எம்சிஎஃப்-7இல் மட்டும் கிடைத்த விளைவைக் கொண்டு மும்மறை வகை நோயாளிக்கு எதையும் சொல்ல முடியாது.

கல வரிசையின் அடையாளத்தை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எம்டிஏ-எம்பி-435 என்ற வரிசை பல ஆண்டுகளாக மார்பகப் புற்றுநோயாகவே பயன்படுத்தப்பட்டது. பின்னர் அது எம்14 என்ற தோல் மெலனோமா வரிசையே என நிறுவப்பட்டது. எத்தனையோ பேருடைய உழைப்பு தவறான நோயின்மேல் போனது. செலோசோரஸ் என்ற திறந்த பட்டியலில் உங்கள் வரிசையின் பெயரைத் தேடிப் பார்ப்பதும், ஆய்வுகூடம் எஸ்டிஆர் எனப்படும் டிஎன்ஏ அடையாளச் சோதனையைக் கடைசியாக எப்போது செய்தது என்று மரியாதையுடன் விசாரிப்பதும் புதியவரின் கடமைகளே.

ஒப்பீட்டுக்கு எடுக்கும் புற்றல்லாத கலத்திலும் கவனம் வேண்டும். பொதுவாக எம்சிஎஃப்-10ஏ பயன்படுகிறது. அது கட்டியாக வளராது என்றாலும், முடிவின்றிப் பெருகுவதால் முற்றிலும் இயல்பான கலமல்ல. குதிரைச் சீரம், இன்சுலின், வளர்ச்சிக் காரணி ஆகியவை சேர்ந்த வேறொரு வளர்ப்பூடகம் அதற்குத் தேவை. இரண்டு வரிசைகளுக்கும் இடையே தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு ஊடகத்தால் வந்தது என்பதை யோசிக்காமல் "தெரிந்தெடுத்துக் கொல்கிறது" என்று எழுதிவிடக் கூடாது.

நான்காம் படி: வளர்ப்பறையில் கை பழகுதல்

கலங்கள் 37 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் 5 சதவீதக் காபனீரொட்சைட்டிலும் இன்கியூபேற்றருக்குள் வளர்கின்றன. ஊடகத்தை மாற்றுவது, ட்ரிப்சின் இட்டு ஒட்டிய கலங்களைக் கழற்றிப் புதிய பிளாஸ்க்குக்கு மாற்றுவது, எண்ணுவது, திரவ நைதரசனில் சேமிப்பது எல்லாமே அந்த வேலையின் அன்றாடம். எல்லோரும் ஹூட் என்றழைக்கும் பாதுகாப்புப் பேழைக்குள் கையை நுழைக்குமுன் 70 சதவீத எதனோலால் துடைப்பதும், திறந்த போத்தலின் மேலாகக் கையைக் கொண்டுபோகாமலிருப்பதும் பழக்கமாகும்வரை உங்களுடைய சொந்தப் பரிசோதனையைத் தொடங்க வேண்டாம். மனிதக் கலங்கள் எப்போதும் தொற்றக்கூடிய பொருளாகவே கருதிக் கையாளப்படும். கையுறையோடு கதவுப்பிடியைத் தொடாதீர்கள்.

மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குக் கலச்சுவர் இல்லாததால் ஊடகத்தில் வழமையாகச் சேர்க்கும் பெனிசிலின் அதைத் தடுக்காது. சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாது, ஊடகமும் கலங்காது. கலங்கள் நலமாயிருப்பது போலவே தோன்றும், அவற்றின் நடத்தை மட்டும் மாறியிருக்கும். குறித்த கால இடைவெளியில் பிசிஆர் முறையால் சோதிக்காத வளர்ப்பறையில் கிடைக்கும் முடிவுகளை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று, ஓமோன் ஆய்வு செய்பவர்களுக்கு. வளர்ப்பூடகத்தின் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணமான பீனோல் சிவப்புச் சாயம் எம்சிஎஃப்-7 கலங்களில் மெல்லிய ஈஸ்ட்ரஜன் விளைவைத் தருவது 1980களில் கண்டறியப்பட்டது. சீரத்திலும் இயற்கையான ஈஸ்ட்ரஜன் உண்டு. ஆகவே ஓமோன் சார்ந்த பரிசோதனைக்கு அந்தச் சாயமில்லாத ஊடகமும், கரியால் ஓமோன் நீக்கப்பட்ட சீரமும் வேண்டும். இதைத் தவறவிட்டால், கட்டுப்பாட்டுக் கிண்ணங்களுக்கும் உங்களை அறியாமலே ஓமோன் கொடுத்தவராவீர்கள்.

ஐந்தாம் படி: "கொல்கிறதா?" என்று சோதித்தல்

பெரும்பாலானோர் முதலில் செய்யும் சோதனை, 1983இல் மொஸ்மன் அறிமுகப்படுத்திய எம்டிடி முறையாகும். 96 குழிகள் கொண்ட தட்டில், குழியொன்றுக்கு 5,000 முதல் 10,000 வரையான கலங்களை இட்டு, ஓரிரவு ஒட்டவிட்டு, சோதிக்கும் பொருளைப் பல செறிவுகளில் சேர்த்து, 48 அல்லது 72 மணித்தியாலங்களின் பின் எம்டிடி சாயத்தைச் சேர்க்க வேண்டும். உயிருள்ள கலங்கள் அந்த மஞ்சள் சாயத்தை ஊதா நிறப் பளிங்குகளாக மாற்றும். அவற்றைக் கரைத்து 570 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சலை அளந்தால், கலங்களின் செயற்பாடு பாதியாகக் குறையும் செறிவைக் கணிக்கலாம்.

செய்முறை இவ்வளவுதான். கவனம் தேவைப்படுவது தட்டை அமைக்கும் விதத்தில். ஓரக் குழிகளில் நீர் ஆவியாவதால் அவற்றில் கலங்களை இடாமல் தாங்கற் கரைசலை நிரப்புங்கள். உங்கள் பொருளைக் கரைத்த டிஎம்எஸ்ஓ மட்டும் இட்ட குழிகள், கலங்கள் இல்லாத குழிகள், டொக்சோரூபிசின் போன்று நன்கறிந்த மருந்து இட்ட குழிகள் ஆகியவை ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். மூலிகைச் சாற்றைச் சோதிப்பவர்கள், கலமே இல்லாமல் சாறும் எம்டிடியும் மட்டுமுள்ள குழிகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். தாவரப் பல்பீனோல்கள் கலத்தின் உதவியில்லாமலே எம்டிடியை ஊதாவாக்கிவிடும், அப்போது இறந்த கலங்கள் உயிரோடிருப்பதாகக் கருவி காட்டும். மேலும், எம்டிடி அளப்பது கலத்தின் செயற்பாட்டையே. வளர்ச்சி நின்ற கலத்தையும் இறந்த கலத்தையும் அது பிரித்துக் காட்டாது. இறந்த கலங்களை மட்டும் நிறமூட்டும் ட்ரிப்பான் நீலமிட்டு எண்ணுவது போன்ற இன்னொரு முறையால் உறுதிப்படுத்தாமல் "கொன்றது" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள்.

ஒரே தட்டில் மூன்று குழிகள் என்பது மூன்று பரிசோதனைகள் ஆகாது. வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு முறை மாற்றிய கலங்களில் மூன்று தடவையாவது செய்த பின்னரே புள்ளிவிபரம் பேச வேண்டும்.

கை பழகுவதற்கு நான் பரிந்துரைக்கும் முதற்பரிசோதனை மூலிகை அல்ல. டமொக்சிஃபெனின் செயற்படு வடிவமான 4-ஹைட்ரொக்சிடமொக்சிஃபெனைக் குறைந்த செறிவில் எம்சிஎஃப்-7க்குக் கொடுங்கள்; வளர்ச்சி குறையும். கூடவே எஸ்ட்ரடயோல் என்ற ஈஸ்ட்ரஜனைச் சேருங்கள், வளர்ச்சி மீளும். அதே செறிவில் எம்டிஏ-எம்பி-231 பெரிதாக மாறாது. இப்போது டமொக்சிஃபெனின் செறிவை 10 மைக்ரோமோலாருக்கு மேலே உயர்த்துங்கள். வாங்கியே இல்லாத கலங்களும் இறக்கத் தொடங்கும். உலகெங்கும் பயன்படும் ஒரு நல்ல மருந்தே அளவு மீறினால் தன் இலக்கோடு தொடர்பில்லாமல் எதையும் கொல்லும் என்பதை இந்த ஒரு பரிசோதனை கற்பித்துவிடும்.

மூலிகையும் கடலும்

இயற்கைப் பொருட்களைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. நம் மணற்பாங்கான முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து 1950களின் இறுதியில் கனடாவில் பிரிக்கப்பட்ட வின்பிளாஸ்டினின் குடும்பத்தைச் சேர்ந்த வினொரெல்பின், இன்று மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கப்படுகிறது. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பக்லிடக்சலும் அவ்வாறே. கடலோர ஊரவர்களான நமக்கு எரிபுலினின் வரலாறு இன்னும் நெருக்கமானது. யப்பானியக் கடற்பஞ்சொன்றில் ஹலிகொண்ட்ரின்-பி என்ற சேர்வை 1986இல் அறிவிக்கப்பட்டது. 600 கிலோகிராம் கடற்பஞ்சிலிருந்து கிடைத்தது 12.5 மில்லிகிராம் மட்டுமே. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் யொஷிட்டோ கிஷியின் குழு அதை 1992இல் செயற்கையாகத் தொகுத்துக் காட்டியபின், அந்த மூலக்கூறின் தேவையான பகுதியை மட்டும் எளிமைப்படுத்தி எரிபுலின் உருவாக்கப்பட்டது. முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010இல் அனுமதி கிடைத்தது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாரும் புறாத்தீவுக்குப் போய்ப் பஞ்சு சேகரிக்க வேண்டாம். அது தேசியப் பூங்கா, அனுமதியின்றி எதையும் எடுப்பது குற்றம்.

தாவரத்தைத் தெரிவு செய்தால், மாதிரியை உலர்த்திப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் இனத்தை உறுதிப்படுத்துங்கள். சேகரித்த இடத்தையும் மாதத்தையும் எழுதுங்கள். மாரியில் பறித்த இலையும் சித்திரை வெயிலில் பறித்த இலையும் வேதியியலில் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. கூறுகளாகப் பிரிக்கப்படாத முழுச்சாற்றுக்கு மில்லிலீற்றருக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குக் குறைந்த செறிவில் பாதி விளைவு கிடைத்தால் மட்டுமே அது மேலும் தொடரத்தக்கது என்பது துறையில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவுகோல். சில நூறு மைக்ரோகிராமில் கிடைத்த விளைவை வெற்றியாக அறிவிக்கும் கட்டுரைகள் ஏராளம். அவ்வரிசையில் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். மஞ்சளிலுள்ள குர்க்குமின் பாடமாகக் கற்க வேண்டிய பொருள்: அது நிறமுள்ளது, ஒளிரக்கூடியது, பல புரதங்களோடு கண்டபடி தாக்கம் புரிவது, ஆகவே பல சோதனைகளில் பொய்யான விடை தரும், இரத்தத்திலும் போதிய அளவு சேராது. சித்த மருத்துவ மாணவர்களிடம் நான் வேண்டுவது, மரபு சொன்ன நோய்க்குறியையும் தயாரிப்பு முறையையும் அப்படியே ஆவணப்படுத்திவிட்டு, அதன்பின் ஆய்வுகூடக் கேள்வியைத் தனியாக அமைக்க வேண்டும் என்பதே. மரபின் மீதான மதிப்பு பலவீனமான தரவுக்கு முட்டுக்கொடுக்கும் நிலை வரக் கூடாது.

தட்டுக்கு அப்பால்

தட்டில் கிடைத்த விளைவு, நோயாளியின் கட்டியிலிருந்து முப்பரிமாணமாக வளர்க்கப்படும் ஓர்கனொயிட்டுகளிலும், பின்னர் எலிகளிலும் சோதிக்கப்பட்டு, அதன்பிறகே மனிதரில் பாதுகாப்பு, பயன், ஒப்பீடு என்ற கட்டங்களுக்குச் செல்லும். பெரும்பாலான பொருட்கள் இடையிலேயே விழுந்துவிடுகின்றன. உங்கள் இறுதியாண்டு ஆய்வு இந்தப் பாதையின் முதற்கல் தொலைவுக்கே போகும் என்பதை ஆய்வறிக்கையின் முடிவுரையில் நேரடியாக எழுதுங்கள்.

நோயாளிகளின் மாதிரிகள் வேண்டுமானால்

வைத்தியசாலையில் தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்காக ஒரு துளி இரத்தமோ ஒரு துண்டு இழையமோ வாங்கக் கூடாது. ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் எழுத்துமூல அனுமதி முதலில் வர வேண்டும். அதன்பின் நோயாளியின் சம்மதம். அந்தச் சம்மதப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும், மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ பஸ் ஏறி வந்து கிளினிக் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு தாய்க்கு வாசித்துக் காட்டினால் விளங்கும் மொழியில் எழுதுங்கள். இந்த ஆய்வால் அவருக்கு நேரடிப் பயன் இல்லை, மறுத்தால் சிகிச்சை ஒருபோதும் பாதிக்கப்படாது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். நம் ஊரில் வெள்ளை மேலங்கி அணிந்தவர் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், வீட்டில் கலந்து பேச அவகாசம் கொடுங்கள்.

நீங்கள் இந்தத் துறையில் இருப்பது தெரிந்ததும் அயலவர்களும் உறவினர்களும் கட்டியைப் பற்றிக் கேட்பார்கள். நோயறிவது உங்கள் வேலையல்ல. மார்பில் புதிதாகக் கட்டி, தோல் சுருக்கம், முலைக்காம்பில் இரத்தக் கசிவு என்றால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்கோ மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அன்றே அனுப்புங்கள். வழி தெரியாதவர்களைப் பகுதி மருத்துவமாதுவிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சோதிக்கும் சாற்றை எக்காரணம் கொண்டும் யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

கடைசிப் படி: இடம் கேட்டு எழுதுதல்

கல வளர்ப்பு வசதியுள்ள இடங்களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகம் முக்கியமானது. வேறு பல்கலைக்கழகங்களின் மருத்துவ, விஞ்ஞான பீடங்களிலும் தேடுங்கள். மேற்பார்வையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். "புற்றுநோய் ஆய்வில் மிகுந்த ஆர்வம் உண்டு" என்ற வரியை எல்லோரும் எழுதுவார்கள். அதற்குப் பதிலாக, அவருடைய அண்மைக் கட்டுரையொன்றைப் படித்து அதில் எழுந்த ஒரு கேள்வி, இரண்டாம் படியில் நீங்களே வரைந்த ஒரு வரைபடம், எந்த வகை நோயில் எந்தக் கல வரிசையில் எதைச் சோதிக்க விரும்புகிறீர்கள், எத்தனை மாதங்கள் கொழும்பில் தங்க முடியும் என்பவற்றை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். பெறுபேற்றுப் பட்டியலை அதற்குப் பின்னால் இணையுங்கள். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால், அதே மடலைப் பணிவான ஒரு வரியுடன் மீண்டும் அனுப்பலாம். அதற்கிடையில் அடுத்த ஆய்வுகூடத்துக்கான மடலை அங்குள்ளவர்களின் கட்டுரைகளைப் படித்துப் புதிதாகவே எழுதத் தொடங்குங்கள்.